இருபத்து மூன்றாம் பெட்டி

பெட்டிக்குள் புத்தகம் இல்லை. பல் இருந்தது.

மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் சேர்ந்த பிளாஸ்டர் அச்சு. பழைய துண்டு ஒன்றில் பக்குவமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. துண்டு விலகியதும் அது அறையில் இருந்த மூன்று பேரையும் பார்த்து இளித்தது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. மூவரில் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். மற்ற இருவர் புத்தகச் சேகரிப்பாளர் சங்கத்தின் தலைவரும் செயலாளரும். சங்கம் நடத்தவிருந்த கண்காட்சியில் நடு இடம் டாக்டருக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. உலகச் சிறுகதைகள், நாற்பது தொகுதிகள். ஆட்டுத்தோல் அட்டை, முதுகில் பொன்னெழுத்து, பக்கங்களின் விளிம்பெல்லாம் தங்கப்பூச்சு, உள்ளே ஒரு பட்டு ரிப்பன். ஒவ்வொன்றுக்கும் மூடி போட்ட தனிப் பெட்டி. முழு வரிசையும், ஒரு பக்கம்கூடப் பிரிக்கப்படாமல், ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். அதற்காகத்தான் அந்த நடு இடம்.

செயலாளர் படம் எடுக்கத் தயாரானார். டாக்டர் படத்துக்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். தலைமுடியை ஒருமுறை தடவிக்கொண்டார். நடு வரிசையிலிருந்து ஒரு பெட்டியை உருவி, மூடியைத் திறந்து, கேமராவுக்கு நேராக நீட்டினார். செயலாளர் படத்தை எடுத்தும்விட்டார்.

"என்ன டாக்டர், தொழிலை இன்னும் விடலையா?" என்றார் தலைவர்.

டாக்டர் குனிந்து பார்த்தார். வெள்ளையாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. அது என்னவென்று புரிந்தபோது அவர் முகம் செத்துவிட்டது. துண்டை இழுத்து மூடிப் பெட்டியை மேஜையின் கோடிக்குத் தள்ளினார். சங்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போலீசுக்குப் போன் செய்தவர் தலைவர்தான். கண்காட்சி விஷயத்தை அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு இருவரும் நழுவினார்கள்.

பதினொன்றரைக்கு வந்தவர் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். ஐம்பதை நெருங்கும் வயது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து, ஒற்றை அறையில் தனியாகக் குடியிருப்பவர். ஸ்டேஷனில் அவருக்கு 'ஆறுன டீ' என்று பெயர். யார் வீட்டில் டீ கொடுத்தாலும் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுவார். கேள்வி முடிவதற்குள் அது ஆறிப் பாலாடை கட்டியிருக்கும். அப்படியே குடிப்பார். தனியாகக் குடிக்கிறவர்களுக்குச் சூடு ஒரு பொருட்டில்லை என்பது அவருடைய கட்சி.

டாக்டர் கொடுத்த டீயும் மேஜைமேல் ஆறத் தொடங்கியது.

"பூட்டு உடையலையே, சார்?"

"உடையல. கண்ணாடி அலமாரி. ஒரு கீறல் இல்ல."

"சாவி?"

"ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு என் வீட்டம்மாவோட கொத்துல இருந்துது. அவ தவறி ஒரு வருஷம் ஆகப்போகுது. கொத்து அவ பையோட உள் ரூம்ல கிடக்கு."

"என்ன பை?"

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போன பை. நெஞ்சு வலின்னு போனா, நாலாம் நாள் பையை மட்டும் என் கையில குடுத்தாங்க. கொண்டாந்து வெச்சதுதான். தொறக்கல." டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதை இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். இந்தப் புத்தகத்தை எல்லாம் எப்ப எடுத்துப் பார்ப்பீங்க?"

"மாசா மாசம் முதல் ஞாயித்துக்கிழமை பெட்டி ஒவ்வொண்ணையும் கையில எடுத்துத் தூசி தட்டுவேன். பெட்டியைத் தொறக்க மாட்டேன். வெளிச்சம் ஆகாது, கை வேர்வை ஆகாது. வருஷத்துக்கு ஒரு தடவை, எங்க கல்யாண நாள் அன்னிக்கு, எல்லாத்தையும் வெளிய எடுத்துத் தோலுக்குக் க்ரீம் பூசுவேன்."

"போன தடவை?"

"பூசல." மேஜை விளிம்பை விரலால் துடைத்துவிட்டு, "அந்த நாள்ல இதைத் தொடணும்னு தோணல" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் பெட்டியை எடுத்து, துண்டோடும் பல்லோடும் கையில் நிறுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்துத் தொகுதியை அதன் பெட்டியோடு எடுத்துப் பார்த்தார். பெரிய வித்தியாசமில்லை. டாக்டர் மாதாமாதம் ஒரு பல் செட்டுக்குத் தூசி தட்டியிருக்கிறார்.

"இந்த அச்சு உங்க க்ளினிக்கோடதா? கொஞ்சம் பாருங்களேன்."

"என்னோடதாத்தான் இருக்கும். க்ளினிக்கை மூடி மூணு வருஷம் ஆச்சு. அச்செல்லாம் மூட்டை கட்டிக் குப்பைல போட்டாச்சு. அவதான் போட்டா. என்கிட்ட பல்லு காட்ட வந்தவ, அப்புறம் என் க்ளினிக் வரவேற்பு மேஜைல உட்கார்ந்தா, அப்புறம் வீட்டுக்கும் வந்தா. முப்பது வருஷம் பேஷன்ட் கூடப் பேசிப் பேசியே பயத்தைத் தெளிய வெச்சுருவா."

"ஒரு பல்லைப் பார்த்து ஆளைச் சொல்லிருவீங்களா?"

"முகம் மறந்துரும். வாய் மறக்காது" என்று டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இதைப் பார்த்து..."

"வேண்டாம்மா! என் மானத்தை வாங்கினதே அது. எடுத்துட்டுப் போய்க் கோர்ட்ல வைங்க."

அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பார்த்தார். வரிசையான பற்கள். மேலே முன்பல் ஒன்றின் மூலை மட்டும் உடைந்திருந்தது.

"இந்த வீட்டுக்கு யார் யார் வருவாங்க?"

"பால்காரன் வாசலோட சரி. உள்ள வர்றது ஒரே ஒருத்தன், என் மச்சினன். வீட்டம்மாவோட தம்பி. லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன். கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்ல. ஞாயிறு நாலு மணி ஆனா பன் வாங்கிட்டு வந்துருவான். நான் டீ போட உள்ள போவேன், அவன் இந்த ரூம்ல தனியா உட்கார்ந்திருப்பான்." டாக்டரின் குரல் மெல்ல இறுகியது. "எந்தப் பூட்டையும் ஒரு கம்பியில தொறந்துருவான். இந்த மாதிரி பல்லை வெச்சுக் கேலி பண்றதும் அவன் புத்திதான். ரெண்டு வாரம் முன்னாடி கேட்டான், இதுல எது அத்தான் ரொம்ப உசத்தின்னு. இப்பல்ல புரியுது."

இந்த இடத்தில் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தகம் போனது டாக்டருக்கு நஷ்டம்தான். ஆனால் அன்று மாலை நாலு மணிக்கு அவர் இழக்கவிருந்தது அதைவிடப் பெரியது. அந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்த உலகத்தில் ஒரே ஒரு விரல்தான் மிச்சமிருந்தது. அதை ஒடித்துப் போட அவர் தயாராகிக்கொண்டிருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்துபோய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். "ஒண்ணு ரெண்டு தொகுதியை வெளிய எடுக்கறேன்."

"பிரிக்காதீங்க! முதுகு உடைஞ்சிரும். இது வரைக்கும் ஒரு கை பட்டதில்ல. கல்யாணமான புதுசுல அவ முதல் தொகுதியைத் தூக்கினா. நான் கத்தின கத்துல தெருவே எட்டிப் பார்த்துது. அன்னியோட சரி, சிரிச்சுக்கிட்டே வெச்சுட்டா. அப்புறம் கேட்டதே இல்ல."

"நீங்க?"

"நான் என்ன?"

"நீங்க படிச்சதில்லையா?"

"சேர்க்கறவன் வேற, படிக்கறவன் வேறம்மா."

சப்-இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. நாற்பதாவது தொகுதியின் விளிம்பைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிட்டார். அது ஒரே கட்டையாக நின்றது. தங்கப்பூச்சு பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தது. முப்பத்தைந்தும் அப்படியே, இருபத்து நான்கும் அப்படியே. பிறகு இருபத்து இரண்டை எடுத்தார். விரல் பட்டதும் பக்கங்கள் சீட்டுக்கட்டு மாதிரி சரசரவென்று ஓடின. பத்தும் ஓடியது, ஒன்றும் ஓடியது. மீதித் தொகுதிகளையும் ஒவ்வொன்றாக அப்படியே பார்த்தார். வெளியே எடுத்த தொகுதிகளின் காலிப் பெட்டிகளுக்குள் ஈர விரலை விட்டு மூலையைத் தடவி, விரல் நுனியைப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஆறிய டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"நாலு மணிக்கு வர்றேன் சார். அதுக்குள்ள மச்சினருக்குப் போன் பண்ணித் திட்டிராதீங்க."

நாலு மணிக்கு மணி அடித்தது. கையில் பன் பொட்டலத்தோடு மைத்துனர் நின்றார். பருத்த உடம்பு, எண்ணெய்க் கறை படிந்த நகங்கள், எதையும் சிரிப்பாக்கிவிடும் வாய். சோபாவில் போலீஸ் உடுப்பைப் பார்த்ததும், "அத்தான், கடைசில உங்களைப் பிடிச்சுட்டாங்களா?" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "புத்தகம் எங்கடா?"

"எந்தப் புத்தகம்?"

"இருபத்து மூணு. பல்லை வெச்சுட்டு எடுத்துட்டுப் போனியே, அது. உன் அக்கா போனப்புறமும் உன்னை இந்த வீட்டுக்குள்ள விட்டதுக்கு நல்ல மரியாதை செஞ்சே. இன்னியோட சரி. இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே!"

மைத்துனர் பன் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "என்ன பல்லு? என்ன சொல்றாரு மேடம் இவரு?"

சப்-இன்ஸ்பெக்டர் துண்டைப் பிரித்து அச்சை அவர் கையில் கொடுத்தார். மைத்துனர் அதைத் திருப்பிப் பார்த்தார். சிரிக்க வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவருடைய கட்டைவிரல் முன்பல்லின் உடைந்த மூலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டது. டாக்டரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அச்சைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையை வைப்பது போல மேஜையில் வைத்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார். "எழுதிக்கோங்க மேடம்."

"பார்த்தீங்களா!" என்று டாக்டர் எழுந்தார். வெற்றி பெற்றவர் குரலாக அது இல்லை. பாதியில் உடைந்தது.

"உட்காருங்க சார்." சப்-இன்ஸ்பெக்டர் மைத்துனர் பக்கம் திரும்பினார். "எப்ப எடுத்தீங்க?"

"போன மாசம்."

"எதுக்கு?"

"விக்கத்தான்."

"யாருக்கு வித்தீங்க?"

"யாரோ ஒரு ஆளு."

"நாற்பது இருக்கறப்ப இருபத்து மூணு எதுக்கு?"

"கைக்கு வந்துது, எடுத்தேன்."

"மத்ததை எல்லாம் எப்பப் படிச்சீங்க?"

மைத்துனர் விழித்தார். "நானா? பேப்பர்ல சினிமாப் பக்கம் படிக்கவே எனக்குத் தூக்கம் வரும் மேடம்."

"அப்ப நீங்க எடுக்கல" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ரெண்டு பேரும் கேளுங்க. தங்க விளிம்பு போட்ட புத்தகம் பிரிக்காத வரைக்கும் பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டே இருக்கும். இருபத்து நாலுல இருந்து நாற்பது வரைக்கும் அப்படித்தான் இருக்கு. ஒண்ணுல இருந்து இருபத்து ரெண்டு வரைக்கும் ஒரு பக்கம்கூட ஒட்டல. யாரோ ஒவ்வொண்ணா, வரிசையா, முழுசாப் படிச்சிருக்காங்க. போனது அதுக்கு அடுத்தது. திருடன் வரிசைப்படி திருட மாட்டான் சார். வரிசைப்படி போறவங்க படிக்கறவங்க."

டாக்டர் திரும்பி அலமாரியைப் பார்த்தார்.

"அது மட்டும் இல்ல. படிச்ச தொகுதிங்களோட பெட்டி மூலையில வெள்ளையா பிளாஸ்டர் தூள் இருக்கு. படிக்காததுல இல்ல. இந்தப் பல் செட்டு ஒரே பெட்டில உட்கார்ந்திருக்கல, ஒவ்வொரு பெட்டியாக் குடி மாறியிருக்கு. எந்தப் புத்தகம் வெளிய போச்சோ அந்தப் பெட்டில இது. நீங்க தூசி தட்டறப்ப கனம் குறையக் கூடாதே! ஆனா நீங்க க்ரீம் பூசற நாள்ல மட்டும் எல்லாப் புத்தகமும் அதது இடத்துல இருந்திருக்கு. அந்த நாள் எதுன்னு தெரிஞ்சவங்க, சாவி வெச்சிருந்தவங்க, குப்பைக்குப் போன அச்சுல ஒண்ணை எடுத்து வெச்சவங்க. க்ளினிக்கை மூடின அப்புறம் நாள் முழுக்கப் பேச ஆள் இல்லாமப் போனவங்க."

"இல்ல" என்றார் டாக்டர்.

"உங்க மச்சினர் பொய் சொன்னதும் அதுக்குத்தான். செத்துப்போன அக்காவை நீங்க திருடின்னு சொல்லிரக் கூடாதுன்னு தன் தலைல போட்டுக்கிட்டாரு. அவருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலைன்னா, அதுக்கு ஒரே காரணம்தான். காலைல இருந்து நீங்க அதை ஒரு தடவைகூடச் சரியாப் பார்க்கல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இப்பப் பாருங்க சார். இது யாரோட வாய்?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ள வெகுநேரம் பிடித்தது. அச்சைக் கையில் வாங்கி, பழக்கத்தில் வெளிச்சத்துக்குத் திருப்பினார். உடைந்த மூலையைப் பார்த்தார்.

"முன்பல்" என்றார். தொழில்முறைக் குரல் தானாக வந்தது. "சின்ன வயசுல ஊஞ்சல்ல இருந்து விழுந்து உடைஞ்சதுன்னு வந்தா. பல்லுக்குத் தொப்பி போட அளவெடுத்தேன். வாயைத் தொறங்கன்னு நான் அவகிட்ட முதல் முதலாச் சொன்னது அன்னிக்குத்தான்."

"நான்தான் தள்ளிவிட்டேன்" என்றார் மைத்துனர். "அப்ப எனக்கு ஆறு வயசு."

முப்பது வருடம் வந்து போனவர்களோடு ஓயாமல் பேசிய ஒருத்தி, பிறகு இரண்டு வருடம் இந்த வீட்டில் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் அவர் தூங்கப் போனதும் அவள் தன் பல்லையே காவலுக்கு வைத்துவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். தட்டிக்கேட்க ஆளில்லை என்பதைவிட, அவள் பேச்சைக் கேட்க ஆளே இல்லை என்பதுதான் உண்மை.

"பையைத் தொறக்கலாமா சார்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

மைத்துனர்தான் போய் எடுத்து வந்தார். ஜிப் ஒரு வருடத்தில் இறுகிப்போயிருந்தது. சாவிக்கொத்து, சீப்பு, கண்ணாடிக்கூடு, மடித்த ஒரு போர்வை. போர்வைக்குள், சுத்தமான தலையணை உறை ஒன்றுக்குள், இருபத்து மூன்றாம் தொகுதி.

டாக்டர் அதை வாங்கி முன்பகுதியைப் புரட்டினார். ஒரு கறை இல்லை. மடித்த மூலை இல்லை. பென்சில் கோடு, காய்ந்த பூ, ஒரு தலைமுடி, எதுவும் இல்லை. எழுந்துபோய் இருபத்து இரண்டை எடுத்துப் பார்த்தார், பிறகு எட்டை, பிறகு ஒன்றை. ஆவேசமாகப் பக்கங்களைத் தள்ளினார். அவர் வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் புத்தகங்களைப் பிரித்தார், முதுகுகளைப் பற்றி நினைக்காமல்.

"ஒண்ணும் இல்லையே!" என்றார். "எதுலயும் ஒண்ணுமே வைக்கலையே அவ!"

"நீங்க சொன்ன மாதிரியே பத்திரமாப் படிச்சிருக்காங்க சார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

டாக்டர் நாற்காலியில் சரிந்து அழுதார். சத்தம் போட்டு அழத் தெரியாதவர், மூச்சு மட்டும் வந்து போனது. மைத்துனர் என்ன செய்வதென்று தெரியாமல் பன் பொட்டலத்தைப் பிரித்தார், மறுபடி மூடினார். கடைசியில் சமையலறைக்குப் போய் மூன்று கோப்பை டீ போட்டுக்கொண்டு வந்தார். சப்-இன்ஸ்பெக்டர் தன் கோப்பையை வாங்கிச் சூடாகவே குடித்தார். எழுதத் தொடங்கியிருந்த புகாரைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ரிப்பன் எங்க இருக்குன்னு பாருங்க" என்றார்.

நடுவில் இருந்தது. ஏதோ ஒரு கதையின் பாதியில். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரிப்பன் இருந்த பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். யாரோ ஒருவர் ரயிலடியில் இறங்கி, தன்னை அழைத்துப்போக ஆள் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

"யாரு அத்தான் அது? எதுக்கு வந்திருக்கான்?"

"தெரியலையே. அதுக்கு முன்னாடி நடந்தது அவளுக்குத்தான் தெரியும்."

"அப்ப முதல்ல இருந்து படிங்க."

டாக்டர் கதையின் தொடக்கத்துக்குத் திருப்பினார். பக்கங்கள் தடையில்லாமல் வந்தன. அவர் மெதுவாக, வரி விடாமல் படித்தார். சப்-இன்ஸ்பெக்டர் கிளம்ப எழுந்தவர், கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை. அறையில் அவருக்காக யாரும் காத்திருக்கவுமில்லை.

ரிப்பன் இருந்த பக்கம் மறுபடி வந்தது. ரயிலடி ஆள் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கம் முடிந்தது. டாக்டர் அடுத்ததைத் திருப்பப் போனார். அது வரவில்லை. தங்க விளிம்பு கெட்டியாக ஒட்டியிருந்தது. விரல் நகத்தை விளிம்போரம் கொண்டுபோனவர் நிறுத்திக்கொண்டார்.

"இதுக்கு மேல அவ வரல" என்றார்.

மைத்துனர் செருப்பைத் தேடியவர் நின்றார். வாசப்படியை மிதிக்காதே என்று சொன்ன வாய் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அந்த வாய்க்குப் பழக்கமும் இல்லை. டாக்டர் புத்தகத்தை மூடிப் பெட்டியில் வைக்கவில்லை. மேஜைமேல், பன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தனியாப் பிரிக்க முடியாதுடா எனக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேல்ல?"